கடவுள் கோபப்படுவாரா? ஆம் / இல்லை / தெரியாது

ஒரு வீட்டு வாசலில் நின்று, “உங்க வீட்டுல எத்தனை மாடு?” என்று கேட்டால் பதில் வந்துவிடும், “உங்க சாமி உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்குதா?” என்று கேட்டுவிட்டுப் பென்சிலோடு காத்திருப்பது முற்றிலும் வேறு தொழில். அந்தத் தொழிலை அந்தமானில் நான் மூன்று வருஷம் பார்த்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போன வாத்தியார்கள், ஓட்டர் லிஸ்ட் சரிபார்த்த கிளார்க்குகள், மலேரியா மருந்தடிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், என் கஷ்டத்தை நான் விளக்கவே வேண்டியதில்லை. நாயும் நாற்காலியும் ஒரே நேரத்தில் வரவேற்ற வாசல்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். மெயின்லேண்டிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒரு அம்மா போர்ட் பிளேருக்கு வந்து இறங்கினார். பெயர் சாரதா. கடல் தாண்டிக் குடியேறிய ஜனங்கள் கடவுளைப் பற்றி, பாவத்தைப் பற்றி, செத்த பிறகு நடப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டார். ஒருவன் நான், சண்முகம். அப்பாவுக்கு பி.டபிள்யூ.டி.யில் வேலை என்பதால் போர்ட் பிளேரிலேயே, ஷாதிபூரில் வளர்ந்தவன். தமிழும் ஹிந்தியும் சமமாக வரும். இன்னொருவன் காதர். பஜாரில் அவன் மாமாவுக்கு ஜவுளிக்கடை. துணி கிழிப்பதைவிடப் பேச்சுக் கொடுப்பது பிடிக்கும் என்று இந்த வேலைக்கு வந்தவன்.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். முதல் நாளே சொன்னார்: “இன்னைக்குச் சொன்ன பதிலை அடுத்த மாசமும் அதே ஆள் சொல்லணும். சண்முகம் கேட்டாலும் காதர் கேட்டாலும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நாம எழுதிட்டு வர்றது அவங்க நம்பிக்கை இல்ல, அன்னைக்கு அடிச்ச காத்து.” அதனால் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில், ஒரு மாதம் கழித்து, வேறொருவர் போய் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். பழைய தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

கவர்மெண்ட்டு சாமி

முதல் ஆளாகத் தெரிந்தவரையே பிடிப்போம் என்று எங்கள் தெருவிலேயே இருந்த பழனியாண்டி அண்ணனிடம் போனேன். கொத்தனார். மழைக்கு ஒழுகுகிற வீட்டிலிருந்து கவர்மெண்ட்டு குவார்ட்டர்ஸுக்கு மாற எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று இருந்தவர். வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தவர் என் கையில் அச்சடித்த தாளைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டு, மேல் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வந்தார்.

“தப்பு செஞ்சா சாமி தண்டிக்கும்னு நினைக்கிறீங்களாண்ணே?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் புருவம் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். “தண்டிக்கும்” என்றார். அடுத்த கேள்விக்கு நான் குனிந்துகொண்டேன். முகம் கிடைக்காமல் அவர் தவித்துப் போனார். “ஆமாவா, இல்லையா, நீங்களே சொல்லுங்கண்ணே” என்று நான் வற்புறுத்த, அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பயம்.

“கவர்மெண்ட்டுக்கு எது பிடிக்கும்னு சொல்லு தம்பி, நான் அதையே நம்பிட்டுப் போறேன்.”

வீங்கின கால்

அன்றைக்கே அம்மா கேள்வித்தாளின் தலையில் பெயர் எழுதும் இடத்தை அடித்துவிட்டு வெறும் எண் போடச் சொன்னார். “இது எந்த ஆபீஸுக்கும் போகாது” என்று ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சொல்ல வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஆனால் ‘டாக்டர் சாரதா’ என்று ஊருக்குள் பரவிவிட்ட பெயரை யாராலும் அடிக்க முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்புக்கு அம்மாவும் நானும் போனபோது எட்டுப் பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தைக்குக் காது வலி. ஒருவருக்கு இருமல். முன்னால் இருந்த பெரியவர் வேட்டியைத் தூக்கி, யானைக்கால் மாதிரி வீங்கிய காலை அம்மாவுக்கு நேரே நீட்டினார். அம்மா பதறவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாக வீங்கியிருக்கிறது என்று விசாரித்து, ஆஸ்பத்திரி ஜீப் வருகிற நாளைக் கேட்டுச் சொல்லி, காது வலிக் குழந்தையைத் திரும்பும்போது எங்களோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். பிறகுதான் தான் மருந்து டாக்டர் இல்லை, சாமியைப் பற்றிப் படிக்கிற டாக்டர் என்று சொன்னார். பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கோபமில்லை, நிஜமான பரிதாபம்தான் அவர் குரலில்.

“அவ்வளவு படிச்ச பிள்ளை, பாவம், அதையும் எங்ககிட்டதான் வந்து கேக்க வேண்டியிருக்கா?”

பதில் யாருக்கு

லட்சுமி என்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் போனபோது மாமியார் கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ‘விரதம் இருந்தால் வேண்டியது கிடைக்கும் என்று நம்புகிறீர்களா?’ என்பது பதினோராவது கேள்வி. “கட்டாயம் கிடைக்கும்” என்றாள் லட்சுமி, நான் முடிப்பதற்குள்ளேயே. இவ்வளவு உறுதியான பதில் அந்த வாரத்திலேயே கிடைக்கவில்லை. சந்தோஷமாக டிக் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா மறுபடி கேட்கப் போனார். வீட்டில் அல்ல, தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நேரம், குடம் நிறையும் வரை பேசியிருக்கிறார்கள். பதினோராவது கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்தது. இரண்டு தாளையும் அம்மா என் முன்னால் வைத்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பொண்ணு புரட்டுக்காரி என்றேன். “நீங்களே போய்க் கேளுங்க. சண்டை போடாம கேளுங்க” என்றார் அம்மா.

குழாயடியில்தான் கேட்டேன். லட்சுமி குடத்தைப் பார்த்தபடியே பேசினாள். கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, கிருத்திகை எல்லாம் சாப்பிடாமல் இருக்கிறாள். நம்பிக்கை எப்போதோ போய்விட்டது, பட்டினி மட்டும் நிற்கவில்லை. “அப்ப ஏங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். குடம் நிரம்பி வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்குக் கேட்டது நீங்கண்ணா, பதில் நான் சொன்னது எங்க அத்தைக்கு.”

ஹரிபத மண்டலின் வயல்

இனி யாரையும் தனியாகத்தான் கேட்பது என்று திருந்தி, கப்பலேறி வட அந்தமானில் இருக்கும் திக்லிபூர் போனோம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் அங்கே நிறைய. தமிழ்க் கேள்விகளை நானும் காதருமாக உட்கார்ந்து ஹிந்தியில் மாற்றியிருந்தோம். ‘சாமி கோபப்படுமா?’ என்பதை ‘பகவான் கோபப்படுவாரா?’ என்று. போன வீட்டிலெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. பகவான் கருணைக்கடல், அவருக்கு எதற்குக் கோபம் என்றார்கள். காதர் மறுபடி போய்க் கேட்டாலும் அதே இல்லை. எனக்கு ஒரே பெருமை. பதிலுக்குப் பதில் அப்படியே பொருந்துகிறதே!

அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. “ரெண்டு பேரும் ஒரே தப்பை ரெண்டு தடவை செஞ்சாலும் பொருந்தும்” என்றார். ஒருநாள் ஹரிபத மண்டல் என்பவர் வயல் வரப்பில் நாங்கள் மூவரும் நடந்துகொண்டிருந்தோம். ஒரு மூலையில் மண்ணைக் குவித்து, பாலும் பழமும் வைத்திருந்தது. இது என்ன என்று அம்மா கேட்டார். பாம்புகளுக்கு அதிபதியான ‘மா’வுக்கு, நம்ம ஊர் அம்மன் மாதிரி, என்றார். காடு வெட்டிய வருஷம் படைக்க மறந்ததாகவும், அவர் தம்பியைப் பாம்பு கடித்ததாகவும், அதிலிருந்து ஒரு வருஷமும் தவறுவதில்லை என்றும் சொன்னார். தம்பியைப் பற்றிச் சொல்லும்போது குனிந்து அந்த மண் குவியலைக் கையால் தட்டிச் சரிசெய்தார். சற்றுப் பொறுத்து, நான் தாளைப் புரட்டி, கொஞ்சம் தயக்கத்தோடு, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, “தாதா, போன வாரம் கோபமே வராதுன்னு சொன்னீங்களே?” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“பாபு, நீ பகவானைப் பத்தித்தானே கேட்டே, மாவைப் பத்தி எப்போ கேட்டே?”

காதரின் கேள்வி

அந்த ஒரு சொல்லுக்காகத் திக்லிபூர் தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை எங்கள் ஹிந்தியைத் தமிழும் தெரிந்த உள்ளூர் வாத்தியார் ஒருவரிடம் கொடுத்து, அவரையே திரும்பப் பேச்சுத் தமிழில் சொல்ல வைத்து, எங்கே சறுக்குகிறது என்று பார்த்துக்கொண்டோம். அவர் கொச்சைத் தமிழில் சொல்லச் சொல்ல, நாங்கள் எழுதியிருந்த கேள்விகளில் பாதி எங்களுக்கே புரியவில்லை.

திரும்பும் கப்பலில், டெக்கில் நிழலாக ஓர் இடம் பிடித்துத் தாள்களை அடுக்கினோம். என்னுடையது ஒரு கட்டு, காதருடையது ஒரு கட்டு. ஒரு கேள்வியில் இரண்டு கட்டும் ஒட்டவே இல்லை. ‘மற்ற மதத்தாரின் கடவுளும் உங்கள் கடவுளும் ஒன்றுதானா?’ காதர் கேட்ட இந்து வீடுகளில் எல்லாரும் ‘ஒன்றுதான்’. நான் கேட்ட இந்து வீடுகளில் ‘அது எப்படி ஒண்ணாகும்?’ என்று ஆரம்பித்துச் சில பேர் காதில் கேட்க முடியாததையும் சொல்லியிருந்தார்கள். அதை எல்லாம் நான் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதி வைத்திருந்தேன். காதர் அந்த ஓரங்களை ஒவ்வொன்றாகப் படித்தான். அவற்றில் இரண்டு மூன்று, அவனுக்கு வயிறு நிறையச் சோறு போட்ட வீடுகள். எனக்குத் தாள்களைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிடலாம் போலிருந்தது.

அவன் கட்டை அடுக்கி நூல் சுற்றினான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “எல்லாரும் அப்படி இல்லடா” என்று ஆரம்பித்தேன். அவன் கையை ஆட்டி நிறுத்தினான். இனி ஒவ்வொரு தாளிலும் கேட்டவர் யார் என்று எழுத வேண்டும் என்று பிறகு அம்மா சொல்லி, அது பெரிய முன்னேற்றமாக அறிக்கையிலும் வந்தது. ஆனால் விஷயத்தை முதலில் சொன்னவன் காதர்தான்.

“மாப்ளே, என்கிட்ட எல்லாரும் நல்லவங்களா பேசுறாங்க, உன்கிட்ட உள்ளதைப் பேசுறாங்க, எதை எழுதணும்னு அம்மாவையே கேளு.”

சர்தார்ஜியின் மரியாதை

நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே ஊருக்குக் கப்பலில் போய்ச் சேருவதற்குள் என் குடலில் ஒன்றும் மிச்சமில்லை. அங்கே பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியிருந்தார்கள். நான் போன வீட்டுக்காரர் ஒரு சர்தார்ஜி. தகரக் கூரை, முன்னால் அப்போதுதான் எரித்துச் சுத்தம் செய்த நிலம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பால்பவுடர் கலந்த டீயை லோட்டா நிறையக் கொடுத்து, தானும் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு எல்லாமே ‘ஹாங் ஜி’. ‘நாம் படுகிற கஷ்டமெல்லாம் கடவுள் கொடுப்பதா?’ ஹாங் ஜி. ஆமாம் போடுகிறவர்களைக் கண்டுபிடிக்க அம்மா அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார். ‘நாம் படுகிற கஷ்டத்துக்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லையா?’ அதற்கும் ஹாங் ஜி! நான் பென்சிலை வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டினேன். இரண்டும் எப்படி ஆமாம் ஆகும் என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு தர்மசங்கடத்தோடு சிரித்தார்.

“அரே பாபுஜி, இவ்வளவு கடல் தாண்டி, வாந்தி எடுத்துக்கிட்டு வந்து கேக்குறீங்க, உங்க மூஞ்சியைப் பார்த்து எப்படி இல்லைன்னு சொல்றது?”

ஏழு தாள்

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உங்களில் சிலருக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நிக்கோபார் பக்கம், கச்சால் தீவு. அங்கே ரப்பர் தோட்டத்துக்கு இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் மட்டும்தான் போயிருந்தேன். ஒரு வாரமாக விடாத மழை. செருப்புக்குள் அட்டை. எனக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இன்னும் ஏழு வீடு பாக்கி. ரப்பர் பால் சேகரிக்கிற ஷெட்டில் ஒதுங்கி நின்றேன். இத்தனை வீட்டில் கேட்டாகிவிட்டது, இனி என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்தேன். ஏழு தாளையும் நானே எழுதினேன். வயது, ஊர் எல்லாம் குடும்ப லிஸ்டில் இருந்தது. அவர்கள் நம்பிக்கைகளை மட்டும் நான் போட்டுக்கொண்டேன். மனசாட்சி அப்போது ஒன்றும் குத்தவில்லை. காய்ச்சல்தான் குத்தியது.

போர்ட் பிளேரில் அம்மா தாள்களைப் புரட்டினார். ஒரு தாளை எடுத்து, “இந்த அம்மா எந்தக் கேள்விக்கு ரொம்ப நேரம் யோசிச்சாங்க?” என்றார். நான் குடும்ப லிஸ்டைத் தேடுவது போலக் குனிந்தேன். இன்னொன்றை எடுத்தார். “இவர் உங்களை உட்காரச் சொன்னாரா, நிக்க வெச்சே பேசினாரா?” ஏழையும் சரியாகப் பிரித்துத் தனியே வைத்தார். மற்ற தாள்களில் அடித்தல் திருத்தல், ஓரத்தில் கிறுக்கல், ‘புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பாதியில் நின்றது எல்லாம் இருந்தன. இந்த ஏழும் பரீட்சைத் தாள் மாதிரி சுத்தமாக இருந்தன. ஒப்புக்கொண்டேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. என்னை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் கச்சாலில் எடுத்த தாள் மொத்தத்தையும் ஒதுக்கினார். அறிக்கைக்குக் காலம் நீட்டித் தரச் சொல்லித் தன் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், அதில் என் பெயர் இல்லை. தவறு தன்னுடையது என்றே எழுதியிருந்தார். பிறகு ஒரு கட்டுப் புதுத் தாளை என் கையில் கொடுத்தார்.

“ஏழு பேர்ல ஒருத்தர்கூட ‘தெரியாது’ன்னு சொல்லல சண்முகம், இவ்வளவு தெளிவான ஏழு பேர் ஒரே தோட்டத்துல இருந்தா, நான் எதுக்கு ஆராய்ச்சி பண்றேன்?”

செல்லாயி அக்கா

அடுத்த கப்பலில் கச்சால் போனேன். நான் எழுதிப்போட்ட ஏழு பேரில் ஒருவர் செல்லாயி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மதியம் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்புகிறவர். பார்த்தவுடனே, “மழையில ஷெட்டுக்குள்ள குந்தி என்னமோ எழுதிக்கிட்டிருந்தீங்களே, நீங்கதானே தம்பி?” என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆமாம் என்றேன்.

“என்னையப் பத்தியுமா எழுதினீங்க?”

“ஆமாக்கா. தப்புதான். உங்களைப் பார்க்காமலே எழுதிட்டேன். அதான் திரும்ப வந்தேன்.”

அவர் திட்டவில்லை. அடுப்பை ஊதி, பிளேன் டீ போட்டு, ஒரு துண்டு வெல்லத்தோடு வைத்தார். நான் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ‘உங்களுக்கு வந்த பெரிய துன்பத்துக்குக் காரணம் கடவுளா, விதியா, மனுஷரா?’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். இலங்கையிலிருந்து கப்பல் ஏறும்போது நாலு வயதுப் பெண் குழந்தை கையில் இருந்ததாம். இந்தியக் கரையில் முகாமில் தங்கியிருந்தபோது காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. புறப்பட வேண்டாம் என்று தாய் சொல்லியும் கேட்காமல் புறப்பட்டது தானா, ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்ததே அதுவா, ரெண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று தங்களைப் பங்கு போட்டதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, தானே ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்துக் கீழே வைப்பது போலிருந்தது. பிள்ளையின் பேரை ஒரு தடவை சொன்னார். நான் எழுதவில்லை.

“அந்தத் தாள்ல நீங்க என்னன்னு போட்டிருந்தீங்க?” என்று கேட்டார். விதி என்று போட்டிருந்தேன் என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது, எனக்காகவும் கொஞ்சம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

“நானே இன்னும் ஒரு முடிவுக்கு வரல தம்பி, நீங்க எப்படி எனக்கு முந்தி முடிவு கட்டினீங்க?”

நாலாவது கட்டம்

அந்தக் கேள்விக்கு மூன்று கட்டம்தான் அச்சாகியிருந்தது. செல்லாயி அக்காவுக்காகப் பக்கத்தில் பென்சிலால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று எழுதிக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் தன் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டார். புதிய தாள்கள் எல்லாவற்றிலும், எல்லாக் கேள்விகளுக்கும், அந்தக் கட்டம் வந்தது. திறந்துவிட்டதுதான் தாமதம், ‘ஆமாம்’ பக்கமும் ‘விதி’ பக்கமும் இடித்துக்கொண்டு நின்றவர்களில் பலர் இறங்கி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

முறைப்படி மறுபடி கேட்கக் காதர் கச்சால் போனான். என் தாளை அவன் பார்க்கவில்லை. அவன் கொண்டுவந்ததையும் என்னுடையதையும் அம்மா பக்கம் பக்கமாக வைத்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பதில் மாறியிருந்தது. செல்லாயி அக்காவின் பதில் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை பிசகவில்லை: இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மூன்று வருஷத்தில் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மாட்டிக்கொண்டு, வழக்கமான குரலில் சொன்னார்.

“இந்த ஆராய்ச்சியிலேயே நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடிய பதில் இதுதான்.”

கப்பல் புறப்படும் முன்

வேலை முடிந்து அம்மா மெயின்லேண்ட் திரும்பினார். ஜெட்டிக்கு நானும் காதரும் போயிருந்தோம். தாள்கள் அடைத்த டிரங்குப் பெட்டிகளைப் போர்ட்டர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் கொண்டுபோய்க் கப்பலுக்குள் விட்டுவிட்டு வந்தார். காதர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெற்றுக் கேள்வித்தாளை எடுத்தான்.

“எல்லாரையும் கேட்டாச்சு, உங்களை மட்டும் கேக்கலையேம்மா” என்றான். நான் அவன் காலை மிதித்தேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தாளை வாங்கி, தானே எழுதிய கேள்விகளை யாரோ எழுதியது போல மேலிருந்து கீழே படித்தார். முதல் கேள்வி, கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா என்பது. படித்துவிட்டு நிமிர்ந்து, கடலைப் பார்த்தார். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. நங்கூரம் போட்டிருந்த படகுகளே தலை ஆட்டிக்கொண்டிருந்தன. தாளை மடித்துக் காதரிடமே கொடுத்தார்.

“நான் ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாசம் கழிச்சுக் கடிதம் போட்டுக் கேளுங்க காதர், கப்பல் ஏறப்போறப்ப கேட்டா நான் எல்லாத்தையும் நம்புவேன்.”

மூன்று வருஷம் தீவு தீவாக அலைந்து நான் தெரிந்துகொண்டது, ஜனங்கள் பொய் சொல்வது ரொம்பக் குறைவு, தப்பான நேரத்தில் தப்பான ஆள் போய்த் தப்பான வார்த்தையில் கேட்டுவிட்டு அவர்கள் மேல் பழி போடுவதுதான் அதிகம் என்பதே, அதுவும் என்னை இந்த மாதம் கேட்டால்.